ரோபோவுக்கு முன்னே ஓர் இரத்தப் பரிசோதனை

ஆசிரியருக்கு,

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புரஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு ரோபோவின் துணையுடன் செய்யப்படும் சிறுதுளைச் சத்திரசிகிச்சை பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். குருதியிழப்பு குறைவு, நோயாளி விரைவில் வீடு திரும்பலாம் என்பன உண்மையே; எனினும், அக்கருவியை இயக்குவதும் சத்திரசிகிச்சை நிபுணரே என்பதையும், நோய் சுரப்பியைத் தாண்டிப் பரவுமுன் கண்டறியப்பட்டவர்களுக்கே அது பெரும்பாலும் பயன்படும் என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். புதுக்குடியிருப்பிலுள்ள என் பெரியப்பா, இரவில் அடிக்கடி எழும்புவதையும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதையும் வயதின் குணமென்றே விட்டிருந்து, நாரி நோவு தாங்காமல் வைத்தியசாலைக்குப் போனபோது நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. (இதை வெளியே சொல்ல எங்கள் ஆண்களுக்குள்ள கூச்சம் தனிக்கதை.)

ஆரம்பத்தில் இந்நோய் அறிகுறி காட்டாமலும் இருக்கலாம். ஆகவே, நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கிளினிக் வரும் 50 வயது கடந்த ஆண்களுடன் வைத்தியர்கள் இதுபற்றிப் பேசி, வேண்டியவர்களுக்கு, இச்சுரப்பியில் உருவாகும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை அங்கேயே செய்ய மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒழுங்கு செய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மாங்குளம்.