செயலாளரின் ஆண்டறிக்கை: நோட்டில் ஏறாத கூலி

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது வேறு கணக்கு.

சாகுபடிச் செலவை அன்றன்றே எழுத வேண்டும், வீட்டார் உழைப்பையும் கூலியாகப் போட வேண்டும் என்று சென்ற பேரவையில் தீர்மானித்தோம். பலர் எழுதினீர்கள். அறுவடை முடிந்து நோட்டுகளை விரித்துப் பார்த்தபோது, லாபம் என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி நம் வீட்டுக் கூலிதான் என்று தெரிந்தது. விதையும் உரமும் உழவு வாடகையும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இருட்டோடு போய்த் தண்ணீர் பாய்ச்சியதும், வீட்டுப் பெண்கள் குனிந்து களை எடுத்ததும் இதுவரை எந்த நோட்டிலும் ஏறியதில்லை. என் நோட்டும் அப்படித்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குடும்பப் பண்ணையில் கூலிப் பட்டுவாடா கிடையாது, அதனால் கூலி கொடுத்து நடத்தும் பண்ணை நொடித்துப்போகிற விலையிலும் அது தாக்குப்பிடிக்கும் என்று ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1920களிலேயே விளக்கினார். தாக்குப்பிடிப்பது வேறு, கட்டுபடியாவது வேறு.

நிலத்தின் மேல் குற்றமில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, 2 ஹெக்டேருக்கு உட்பட்ட பண்ணைகளிடம் இருப்பது உலக வேளாண் நிலத்தில் சுமார் 12 சதவீதம். அவை தருவதோ உலக உணவில் சுமார் 35 சதவீதம். நாம் அடிபடுவது வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும்தான். இடுபொருளைச் சில்லறை விலைக்கு வாங்கி, விளைந்ததை மொத்த விலைக்குத் தள்ளுகிறோம். வண்டி பாதி நிறைந்தாலும் முழு வாடகை. கடன் தவணை அறுவடையோடு வந்து நிற்பதால், எல்லாரும் விற்கிற, விலை இறங்கிய வாரத்திலேயே நாமும் விற்கிறோம்.

உரத்தைச் சேர்ந்து வாங்கியதில் செலவு குறைந்தது. பொதுவில் வாங்கிய விசைத்தெளிப்பான் மனக்கசப்பில் முடிந்தது. பூச்சி வந்த வாரத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் தேவைப்பட்டது. முன்கூட்டியே முறை வைக்காதது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். கிடங்கு எடுக்கும் முயற்சி பணம் போதாமல் நிற்கிறது. அது கிடைத்தால்தான் விலைக்காகச் சில வாரமாவது காத்திருக்க முடியும். எனவே சந்தாவை உயர்த்த இன்று ஒப்புதல் கேட்கிறேன்.

அப்புறம், புதிய நோட்டுகள் வந்துவிட்டன. கருவித் தேய்மானத்துக்குத் தனிப் பக்கம் சேர்த்திருக்கிறோம். உழைப்புப் பக்கத்தை இந்த முறை வீட்டுப் பெண்களே எழுதட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்