மண்ணைப் பிடித்து வைத்தவர்கள் மேல் பழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் இலங்கையின் நீர்மின் திட்டங்கள் பற்றியும் ஆற்றுப் படுகைகளின் பராமரிப்பு பற்றியும் வந்த முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். அதில் ஒரு வரி: "நீரேந்துப் பிரதேசங்களில் வாழும் தோட்ட மக்களின் அறியாமையும் பொறுப்பின்மையுமே நீர்த்தேக்கங்கள் மண்ணாலும் குப்பையாலும் நிறைவதற்கு முதன்மைக் காரணம்." இதைப் படித்த பிறகு மற்ற எதுவும் மனதில் ஏறவில்லை. நெடுங்காலமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிற வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் தகப்பனார் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கான், அதாவது வடிகால், வெட்டும் வேலை செய்தவர். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கானில் இடைக்கிடை குழி விட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் அந்தக் குழியில் தங்கி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் கீழே போகும். குழி நிறைந்ததும் அந்த மண்ணை வாரி மேல்பக்கத் தேயிலைத் தூரில் போட வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. விடுமுறை நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது நானும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். அப்போது கானில் ஓடிய தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் சேறாக இருந்ததில்லை. பின்னால் செலவைக் குறைக்கிறோம் என்று கான் வேலைக்கு ஆள் போடுவதை நிர்வாகம் படிப்படியாக நிறுத்தியது. இன்று அதே மலையில் பல கான்கள் தூர்ந்து, மழை பெய்தால் மண் நேரே ஓயாவுக்கு, அதாவது ஆற்றுக்கு, போகிறது. இதில் தொழிலாளியின் அறியாமை எங்கே வந்தது?

அடுத்தது குப்பை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. தோட்டங்களுக்குள் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை தன் நிதியைச் செலவிட அது தடையாக நின்றது. திருத்தம் வந்தது 2018இல்தான். அதாவது, முப்பது வருடமாக நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் குப்பை வண்டி வருவதற்குச் சட்டமே வழிவிடவில்லை. திருத்தம் வந்த பிறகும் எங்கள் லயத்துக்கு வண்டி வந்து நான் பார்க்கவில்லை. குப்பை எடுக்க ஏற்பாடே இல்லாத இடத்தில் குப்பை ஆற்றுக்கு வந்ததற்கு அங்கே வாழ்கிறவர்கள் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்கள்? சரி, தோட்டத்தை விடுங்கள். நுவரெலியா கிரகரி வாவியில் இருந்து வரும் நானு ஓயா, கொத்மலை ஓயாவில்தான் கலக்கிறது. வழி நெடுகச் செங்குத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் போடுகிறார்கள். அந்த மண்ணும் மருந்தும் எங்கே போகின்றன என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதவில்லை.

மேல் கொத்மலைத் திட்டம் பற்றி அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். 2012இல் திறந்தது, 150 மெகாவாட், பதின்மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சுரங்கம், எல்லாம் சரிதான். அருவிகள் வற்றிவிடும் என்ற கவலையால் மத்திய சுற்றாடல் அதிகார சபை முதலில் அனுமதி மறுத்ததையும், பல ஓயாக்களைத் திருப்பும் திட்டம் அதன் பிறகே சுருக்கப்பட்டதையும் அவர் சொல்லவில்லை. சென்கிளயர் அருவிக்குப் பகல் வேளையில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையும் கட்டுரையில் இல்லை. அந்த அருவியின் பழைய இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது அங்கே நின்றால் நெஞ்சு கனக்கும். அணைக்காக ஆற்றோரத்தில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். புது வீடு கிடைத்தது உண்மை. ஆனால் வேலைக்கு நடந்து போகும் தூரம், மரக்கறித் தோட்டம், மாட்டுப்பட்டி, பக்கத்து வீட்டு உறவு எல்லாம் போயிற்று. அதற்கு யாரும் நட்டஈடு கணக்குப் போடவில்லை.

இது இன்று தொடங்கியதும் இல்லை. என் அம்மாவின் ஊர் மஸ்கெலியா. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய பட்டணம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் பழைய கோயில் வெளியே தெரியும். அம்மா உயிரோடு இருந்தவரை, நீர் வற்றியது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்த்து அழுதுவிட்டு வருவார். லக்சபான நீர்மின் நிலையத்தில் 1950இலேயே மின்சாரம் உற்பத்தியானது. அதே மலைகளில் பிறந்த நான் சாதாரணதரப் பரீட்சைக்குக் குப்பி விளக்கில் படித்தேன். கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் போனது.

உமா ஓயா நீர்மின் திட்டத்தில் நடந்ததையாவது கட்டுரையாளர் நினைத்துப் பார்த்திருக்கலாம். சுரங்கத்துக்குள் நீர் கசிந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024இல் 120 மெகாவாட் திட்டமாக அதைத் திறந்தார்கள். அங்கே கிணற்றை இழந்தவர்களிடம் போய் "உங்கள் பொறுப்பின்மைதான் காரணம்" என்று சொல்ல முடியுமா?

நீர்மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையை விட இது மேல் என்பது எனக்கும் தெரியும். ஆனால் படுகையைப் பராமரிப்பது என்றால் கான் வேலைக்கு ஆள் போடுவது, ஓயாவின் கரையில் மரம் வைப்பது, செங்குத்துச் சரிவில் மரக்கறிப் பயிரைக் கட்டுப்படுத்துவது, லயத்துக்குக் குப்பை வண்டி அனுப்புவது. எங்களுக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இரண்டு காரியங்களை மட்டும் கேட்கிறேன். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், எங்கள் பக்கத்து ஆற்றங்கரையில், அணையில் மிகையான நீரை வெளியே விடும் வான்கதவு திறப்பு பற்றிய எச்சரிக்கைப் பலகையில் தமிழ் எழுத்துகள் உதிர்ந்து பல காலமாகிறது. பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் அந்தக் கரை வழியாகத்தான் பாடசாலைக்குப் போய் வருகிறார்கள். வான்கதவு திறக்கும் அறிவித்தலை உங்கள் பத்திரிகை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போடுகிறது. அடுத்த மழைக்கு முன்பிருந்தே அதை முதல் பக்கத்தில், ஆற்றின் பெயரோடும் கீழ்ப்பகுதி ஊர்களின் பெயரோடும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
தலவாக்கலை