தோட்டத்திலேயே விட்டுவந்த துணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பூனை, நாய் எதுக்கு? சீக்குதான் வரும்" என்று எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு தாய் சொன்னதைக் கேட்டு எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவரிடம் சொல்ல நினைத்ததை உங்கள் வாசகர்களிடமும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் மலேசியாவில் கெடா மாநிலம் பீடோங் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இருட்டோடு, வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். எங்கள் நாய் கருப்பன், பால் வெட்டும் நிரை (மரவரிசை) வரைக்கும் அம்மாவுக்குத் துணையாகப் போய்விட்டு, விடிவதற்குள் திரும்பி வந்து, எங்களைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விடும். கோழி இல்லாத வீடே லயத்தில் கிடையாது. ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது என் வேலை. ஒரு நாள் விளையாட்டு மும்முரத்தில் மறந்துபோனேன். ராத்திரி முழுக்க ஆடு கத்தியது. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "போய் அது மூஞ்சியைப் பாரு" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் மறந்ததில்லை. பொறுப்பு என்ற சொல்லைப் பள்ளியில் படிப்பதற்கு முன்பே அந்த ஆடு எனக்கு அதைக் கற்றுக் கொடுத்துவிட்டது.

பிறகு தோட்டத்தில் பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டில், அலமாரி, சாமிப் படம் எல்லாம் லோரியில் ஏறின. நாய்களுக்கு இடமில்லை. ஆளில்லாத லயத்து வாசலில் அவை படுத்துக் கிடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தாமானிலும் அடுக்குமாடியிலும் பிறந்த நம் பிள்ளைகள் ஓர் உயிரைத் தொட்டுத் தடவி, அதற்குச் சோறு போட்டு வளரும் வாய்ப்பு அன்றோடு போய்விட்டது.

என் பேரனுக்கு ஏழு வயது. மகன் வேலைக்காக ஜொகூருக்குப் போன பிறகு பையன் பேச்சையே குறைத்துக்கொண்டான். எந்நேரமும் கைப்பேசிதான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாக்கடை ஓரம் நனைந்து கிடந்த பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். மருமகளுக்கு இஷ்டமில்லை. சரி, ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். நிறத்தைப் பார்த்து அவனே கோப்பி என்று பெயர் வைத்தான். காலையில் எழுப்ப எழுப்ப எழாதவன் இப்போது கோப்பிக்குத் தண்ணீர் மாற்ற முதலில் எழுகிறான். வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறுகிறவன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறான். தப்பாகப் படித்தாலும் அது சிரிக்காது அல்லவா? வேலிக்கு அந்தப் பக்கத்து மலாய்க்காரப் பிள்ளையும் பூனையைப் பார்க்க வந்து, இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இது என் வீட்டு அதிசயம் என்றுதான் முதலில் நினைத்தேன். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் அவருடைய நாயோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிகிச்சையில் நாயையும் சேர்த்துக்கொண்டதை 1962-இல் எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பழக்கப்படுத்திய நாய்களுக்குப் பிள்ளைகள் கதை வாசித்துக் காட்டும் திட்டம் 1999-இல் தொடங்கியதாம். என் பேரன் யாரும் சொல்லித்தராமல் செய்ததும் அதுதான்.

சீக்கு வரும் என்ற பயத்தை நான் தள்ளிவிடவில்லை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது இங்கே எல்லாரும் பயந்துதான் இருந்தோம். சரவாக்கில் 2017-இல் பரவிய அந்த நோய் சின்னப் பிள்ளைகளின் உயிரையும் எடுத்தது. அதனால்தான் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும் என்கிறேன். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. பூனை மலம் போகும் மணலைக் கர்ப்பிணிகள் அள்ளக் கூடாது. பூனைக்குக் காய்ச்சல் என்று பெனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அது அதற்கு நஞ்சு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைச் சீண்டக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். கைக்குழந்தையை நாயோடு தனியே விடவே கூடாது. அப்புறம், ஆஸ்துமா. சுவீடனில் 6 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், பிறந்த முதல் ஆண்டில் நாய் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னாளில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே ஒவ்வாமையோ இழுப்போ உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொண்டுவர வேண்டாம்.

இன்னொன்று. பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்து, அது வளர்ந்து குரைக்க ஆரம்பித்ததும் மோட்டாரில் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விட்டுவருகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை கேட்டால் ஓடிப்போச்சு என்கிறார்கள். விலங்குகளைக் கொடுமைப்படுத்தினால் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்கு உண்மையைத் தெரிந்துகொண்டால் என்ன நினைக்கும்? நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிர். கூண்டை யார் கழுவுவது, ஊசிக்கு யார் செலவழிப்பது என்று பெரியவர்கள் முதலில் பேசி முடிவெடுக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. நாய் வளர்ப்பவர்கள் லைசென்ஸ் எடுத்து, அதை வேலிக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் சங்கடம் இருக்காது.

பூனைக்குட்டியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. பசாருக்குப் பின்னால் எத்தனையோ கிடக்கின்றன. கருத்தடைச் செலவுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கையைக் கடிக்கிறது. கால்நடைச் சேவை இலாகாவும் நகராண்மைக் கழகமும் சேர்ந்து, தோட்டம் சார்ந்த எங்கள் சிற்றூர்களின் பொது மண்டபங்களில் வாரக்கடைசியில் குறைந்த செலவில் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துதர வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு நாள் எங்கள் ஊரில் நடந்தால், கோப்பியைக் கூடையில் வைத்துக்கொண்டு நானும் பேரனும் முதல் ஆளாக வரிசையில் நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
பீடோங், கெடா