உன் அம்மா கொடுத்த மோர்

பொறையாறு,
கார்த்திகை, ஞாயிறு மாலை.

என் அன்பு நண்பனுக்கு,

என் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி கேட்டு நீ எழுதிய பதினொரு பக்கக் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வலக்கண்ணில் புரை எடுத்திருந்ததால் பதினைந்து நாள் எதையும் படிக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே பேத்திதான் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "தாத்தா, இவர் உங்கள் நண்பர்தானா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர் என்றேன். நீ கோபத்தில் எழுதவில்லை, என்மேல் உள்ள அக்கறையில்தான் எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் மழுப்பாமல் பதில் எழுத நினைக்கிறேன்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம் என்று முதலில் எழுதியிருக்கிறாய். இதற்கு நெடுநேரம் செலவிட விருப்பமில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849ஐச் சேர்ந்தது, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே கேரளத்தில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கப்பட்டதை அது சொல்கிறது. நம் தரங்கம்பாடியையே எடுத்துக்கொள். அது அப்போது டேனியர் குடியேற்றம். 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவை இரண்டே ஆண்டுகளில் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறை வைத்தவர் அந்த டேனியக் குடியேற்றத்தின் தளபதிதான். கிழக்கிந்தியக் கம்பெனியோ, வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்சி, 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்துவிட மனமில்லாமலே இருந்தது. ஆனால் நீ சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கோவாவில் போர்த்துக்கீசியர் 1560இல் மதத்துக்கு மாறானவர்கள் என்று கருதியவர்களைத் தண்டிக்க விசாரணை மன்றம் அமைத்து நடத்திய கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. சீகன்பால்கு தமிழரின் தெய்வங்களைப் பற்றிப் பல மாதம் உழைத்து எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியிலிருந்த அவருடைய பெரியவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள்; அது வெளிவர 1867 ஆயிற்று. தன்னைத் தவிர மற்றவரிடம் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற அந்த மனப்பான்மை எங்கள் திருச்சபையில் இருந்தது, இன்றும் பல பிரசங்கங்களில் இருக்கிறது. அதைக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நண்பா, அந்த ஒரு வரிதான் என்னை இரவு தூங்கவிடவில்லை. என் பாட்டனாரின் தகப்பனார் தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876க்கும் 1878க்கும் இடையில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்னார்க்காட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே இந்தக் காவிரிக் கரைக்கு வந்தவர். மிஷன் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்கள். குடித்தார். ஞானஸ்நானமும் பெற்றார். கஞ்சிக்காகத்தான் பெற்றார் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. அவர் தோளிலிருந்த பிள்ளைதான் என் பாட்டனார்; அந்தக் கஞ்சி இல்லையென்றால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பசித்தவன் சோறு போட்டவனுடைய கடவுளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் என்ன இழிவு இருக்கிறது என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தென்படவில்லை. களத்தில் நெல் அம்பாரமாய்க் கிடக்க, பண்ணையாளைத் தெருமுனையிலேயே நிறுத்தியவர்களைப் பற்றித்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

இன்றைக்கு நிலைமை அதற்கு நேர்மாறானது என்பதையும் நீ யோசித்துப் பார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி ஒரு தலித் கிறிஸ்தவனானால் அன்றே பட்டியல் சாதித் தகுதியை இழந்துவிடுகிறான். அந்த ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, எங்களுக்கு இல்லை. நான் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் நின்றேன். என் சித்தப்பா மகன் இந்துவாகவே இருந்து ஆதிதிராவிடர் சான்றிதழ் வாங்கினான். இருவருக்கும் ஒரே பாட்டனார், ஒரே தெரு, ஒரே டீக்கடையில் ஒரே தனித் தம்ளர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதால் எனக்குச் சலுகை எதுவும் கூடவில்லை, குறைந்தது. பணத்துக்காக மதம் மாறுகிறார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால், உன் கிறிஸ்து வந்த பிறகாவது உங்களுக்குள் சாதி போயிற்றா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. போகவில்லை. நீ அறியாததைக்கூட நானே சொல்கிறேன். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளுக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்து வெளியேறினார்கள். நாங்கள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரே அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். வெளியேறியவர்களில் பலருக்கு, சாதியைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷன், அதாவது என் சொந்த லுத்தரன் மரபு, இடம் கொடுத்தது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம் இரு சாதிகள் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி இரண்டு கால்களாகப் பிரிந்து நின்றது. ஊர்மக்கள் அதைக் காற்சட்டைக் கோயில் என்றார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுச்சுவரை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

என் அப்பாவை அடக்கம் செய்த நாள் உனக்கு நினைவிருக்கும், நீயும் வந்திருந்தாய். ஊர்ப்பெயர் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் சாதிகளைப் பிரிக்கும் ஒரு சுவர் இருந்ததை நீ பார்த்திருப்பாய். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், சுவருக்கு அந்தப் பக்கம் அரளிச் செடிகளும் சிமெண்டுச் சிலுவைகளும் இருந்த இடத்தில் குழி தோண்டச் சொன்னார். அவர் இளைஞர், ஊருக்குப் புதியவர். சபை மூப்பர்களில் இருவர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டு அந்த ஆலயத்தில் மணி அடித்த மனிதரைச் சுவருக்கு இந்தப் பக்கம், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மூலையில்தான் புதைத்தோம். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற பவுலின் வாக்கியத்தை அதே ஐயர் அதே குழியின் விளிம்பில் நின்று வாசித்தார். அவர் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது.

அன்றிரவு, நான் ஏன் இந்தச் சபையை விட்டுப் போகவில்லை என்று நீ கேட்டாய். அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தச் சுவர் பாவம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது எது? எந்தப் புத்தகத்தை வைத்து அந்த மூப்பர்களை நான் மனதுக்குள் குற்றவாளிகளாக நிறுத்தினேனோ, அது அவர்கள் கையிலும் இருந்த புத்தகம்தான். நகர வாசலுக்குப் புறம்பே, கௌரவமானவர்கள் போகாத இடத்தில் கொல்லப்பட்ட ஒருவரைத்தான் நாங்கள் ஆண்டவர் என்கிறோம். அவர் சுவருக்கு எந்தப் பக்கம் இருப்பார் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அவரை அந்தப் பக்கத்தாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் வெளியேற வேண்டுமென்று நீ சொல்கிறாயா?

சுனாமியைப் பற்றி எழுதியிருந்தாய். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்த எத்தனையோ பேர் கடற்கரையில் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதை அற்புதம் என்று சிலர் கொண்டாடினார்கள். கட்டடத்தைக் காத்துவிட்டு, மாதாவைத் தேடி வந்த பிள்ளையை விட்டுவிட்ட கடவுளா என்று கேட்டிருக்கிறாய். அப்படிப் பேசியவர்கள்மேல் உனக்கு வரும் கோபம் எனக்கும் வருகிறது. தரங்கம்பாடியில் அன்று நண்பகல் நான் மீனவர் தெருவில் நின்றேன். ஒரு வீட்டில் கூரை இல்லை, ஒரு சுவர் இல்லை. மிச்சமிருந்த சுவரின் ஆணியில் காகித நட்சத்திரம் ஒன்று நனையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே சேற்றில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்து, "சார், நீங்க ஜெபம் பண்றவருதானே, என் புள்ளை எங்கேன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இன்றும் என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்பவர்களை நான் நம்புவதுமில்லை. பைபிளில், குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் கடவுளுக்காக அழகாக வழக்காடினார்கள். கடைசியில், நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டு, கதறிய யோபுவின் பக்கம் நின்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார். அது பாவத்தின் தண்டனை என்ற பேச்சுக்கு அங்கேயே இடமில்லாமல் போயிற்று. பிறகு அவரே மரத்தில் தொங்கிக்கொண்டு, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றார். அந்தப் பெண்ணின் கேள்வியை என் கடவுளும் ஒருமுறை கேட்டார் என்பது விளக்கம் ஆகாது என்று நீ சொல்வாய். ஆகாதுதான். ஆனாலும் அவள் அருகில் உட்கார எனக்கு வேறு எதுவும் துணை இருக்கவில்லை. கைதட்டச் சொல்லிக் காணிக்கைக்குத் தக்க சுகம் விற்கும் சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு முழுமனதோடு உடன்படுகிறேன். அவற்றுக்காக நான் ஒரு சொல்லும் பரிந்து பேச மாட்டேன்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருந்தாய். பேத்திக்கு அது தெரியவில்லை. கண் தெளிந்த பிறகு நானே படித்தேன். "அப்படியானால் என் அம்மா நரகத்தில் இருக்கிறாளா?"

நண்பா, "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று இயேசு சொன்னதை நான் நம்புகிறேன். உனக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஆனால் யார் யாரை அவர் அழைத்துக்கொள்வார் என்று பட்டியல் எழுதும் வேலையை அவர் எங்களுக்குக் கொடுக்கவில்லை. நியாயத்தீர்ப்பைப் பற்றி அவர் சொன்னதை மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் படித்துப் பார். "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள், தாகமாயிருந்தேன், என் தாகத்தைத் தீர்த்தீர்கள்" என்று வலப்பக்கத்தில் நிற்பவர்களிடம் அவர் சொல்ல, அவர்களோ திகைத்துப்போய், ஆண்டவரே, உம்மை நாங்கள் எப்பொழுது பார்த்தோம் என்கிறார்கள். அவர்களுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

ஏழாம் வகுப்பில், சித்திரை வெயிலில் உன்னோடு உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றுகொண்டேன், உள்ளே வரக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. உன் அம்மா என்னைக் கையைப் பிடித்து அடுக்களைக்கு அழைத்துப்போய், நீ குடித்துவிட்டு வைத்த அதே பித்தளைத் தம்ளரைக் கழுவி எனக்கு மோர் கொடுத்தார். நான் அண்ணாந்து குடிக்கப் போனேன். "வாய் வச்சுக் குடிடா" என்றார். கூடத்தில் உன் பாட்டி ஏதோ சத்தம் போட்டார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் ஆலயத்துப் பெரியவர்கள் என் அப்பாவுக்குச் செய்யாததை, பைபிளைத் தொட்டும் பார்த்திராத உன் அம்மா எனக்குச் செய்தார். அவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதா? அந்த அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அடுக்களைதான் நினைவுக்கு வருகிறது.

இந்த ஆண்டும் டிசம்பர் 26 காலையில் கடற்கரையில் பால் ஊற்றிப் பூப்போடக் கூடுவார்கள். எல்லா மதத்தாரும் வருவார்கள். நீ முந்தின நாளே கும்பகோணத்திலிருந்து கிளம்பி, கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே இருந்துவிட்டால், விடியற்காலையில் இருவரும் சேர்ந்தே நடந்து போகலாம். மீதி வாதத்தை அங்கே வைத்துக்கொள்வோம். முழங்கால் வலிக்குத் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள் என் மனைவி, உன் தங்கச்சி, அதையும் வாங்கிப் போகலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்