மூன்று முறை ‘தீர்ந்துவிட்ட’ ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் மேசைக் கணினியை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதான ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்காமல் விண்டோஸை ரீசெட் செய்ய (அதாவது, புதிதாக மறுபடி நிறுவ) வைத்து, என் கோப்புகள் முழுவதும் அழியக் காரணமானது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே கணினிக்காக உங்கள் உதவி எண்ணை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் மறுநாளே “உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது” என்று செய்தி வந்தது. மூன்றாவது செய்தி வந்த ஓரிரு நாளிலேயே கணினி பழையபடி திணறியது. அதனால்தான் இந்த முறை அழைக்காமல் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடி தமிழ்த் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் செய்பவள். கணினி பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றும் தெரியாதவளும் இல்லை. “சி டிரைவில் எதையும் வைக்காதே, விண்டோஸ் போனால் அதோடு போய்விடும், டி-யில் வை” என்று யாரோ எப்போதோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வேலை எல்லாவற்றையும் டி டிரைவில் வைத்திருந்தேன். இது பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள்.

முதலில் கணினி மெதுவானது. ஒரு வேர்டு கோப்பைத் திறக்க நான்கைந்து நிமிடம். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற கட்டம் மட்டும் சிவந்துபோய் 100% காட்டும், ஆனால் நான் எதையும் ஓடவிடவில்லை. பிராசஸர், மெமரி எல்லாம் சும்மா கிடந்தன. பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் தட்டுவதுபோல ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தமும் அவ்வப்போது கேட்டது. ஒரு வாரத்தில் விண்டோஸ் திறப்பதே நின்றது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், அணையும், மறுபடி சுற்றும். சில முறை இப்படி ஆனபின், பழுதுபார்க்கும் வழிகளைக் காட்டும் நீலத் திரை தானாக வந்தது. உங்களை அழைத்தேன்.

பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். நான் மேலே சொன்னது எல்லாவற்றையும், அந்த ‘டிக்’ சத்தம் உட்பட, அவரிடம் சொன்னேன். அவர் சொன்னது: “மேடம், ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு. ரீசெட் போட்டா சரியாயிடும்.” “என் ஃபைல் எல்லாம் போயிடுமே?” என்றேன். “எந்த டிரைவ்ல இருக்கு?” “டி-ல.” “அப்ப ஒண்ணும் ஆகாது மேடம், சி மட்டும்தான் போகும்.”

அப்புறம் அவர் சொன்ன வழியை அப்படியே எழுதுகிறேன்: “டிரபிள்ஷூட் போங்க, ரீசெட் திஸ் பிசி கொடுங்க. அதுக்கப்புறம் கேக்குற எல்லாத்துக்கும் ரெண்டாவதையே அழுத்திட்டுப் போங்க மேடம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். அந்தத் திரையில் ‘இரண்டாவது’ எது என்று பாருங்கள். முதல் கேள்வி: கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா? இரண்டாவது, ‘ரிமூவ் எவ்ரிதிங்’. விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கவா, கணினியில் இருப்பதையே வைத்து நிறுவவா? இரண்டாவது. இது பரவாயில்லை, சுமார் 4 ஜிபி டேட்டா மிச்சம். விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும் அழிக்கவா, எல்லா டிரைவையுமா? இரண்டாவது, ‘ஆல் டிரைவ்ஸ்’. கோப்புகளை நீக்கினால் போதுமா, டிரைவை முழுக்கத் துடைக்கவா? இரண்டாவது. கடைசியான இது கணினியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடப் போகிறவர்களுக்கானது. பழைய கோப்புகளை எந்த மென்பொருளாலும் மீட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் வேலையே.

மூன்றாவது கேள்வியில் எனக்கு ஒரு நொடி கை நின்றது உண்மை. “ஆல் டிரைவ்ஸ்னு போட்டிருக்கே?” என்று கேட்டேன். “அது அப்படித்தான் மேடம் வரும்” என்றார். உங்கள் ஒலிப்பதிவில் இது இருக்க வேண்டும். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்கிறதே.

இரவு முழுக்கத் துடைத்தது. காலையில் பளிச்சென்று புது விண்டோஸ். ‘திஸ் பிசி’யைத் திறந்தேன். டி டிரைவ் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

போனவை பற்றி விரிவாக எழுதினால் புலம்பலாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது கண்ணில் படும் பிழைகளை, தவறு ஒரு பத்தியிலும் சரி ஒரு பத்தியிலுமாக, பல ஆண்டுகளாகச் சேர்த்துவந்த ஒரு பட்டியல். ஒற்று மிகும் இடம், மிகா இடம், ஒரே சொல்லை ஒவ்வொரு பதிப்பாசிரியரும் எப்படி எழுதச் சொல்வார் என்பது எல்லாம் அதில் இருந்தது. அது விற்பனைக்குக் கிடைக்காது.

என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. வேறிடத்தில் பிரதி வைத்திருக்க வேண்டும். டி டிரைவ் என்பது அதே ஹார்ட் டிஸ்க்கில் கோடு போட்டுப் பிரித்த இன்னொரு அறைதான், இன்னொரு வீடு இல்லை என்பது இப்போது புரிகிறது. ஒரு பென் டிரைவில் பழைய கோப்புகள் கொஞ்சம் இருந்தன. அவையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை, அதாவது ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துரு. ரீசெட்டில் எழுத்துருக்களும் போய்விட்டதால், திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கிறது. எழுத்துருவை மறுபடி போட்டால் இது சரியாகிவிடும், இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்பதைத் தேர்ந்தாலும் நாமாக நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், அவற்றின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒரு கோப்பாகக் கிடைக்கும் என்பதையும் உங்கள் ஆட்கள் முன்னாலேயே சொல்வதில்லை.

சரி, கோப்புகள் போனாலும் கணினியாவது சரியானதா? 9 நாள் நன்றாக ஓடியது. பத்தாம் நாள் அதே 100%, அதே ‘டிக்’.

இரண்டாம் அழைப்பு. வேறொருவர், அதே மருந்து. இம்முறை நான் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் ஓடி, பாதியில் நின்று, ரீசெட் செய்வதில் சிக்கல், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று திரையில் வந்தது. எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று கணினி சொல்ல, தீர்வு காணப்பட்டது என்று நீங்கள் சொன்னீர்கள்.

மூன்றாம் அழைப்பில் 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து புதிதாக நிறுவச் சொன்னார்கள். நிறுவினேன். இரண்டு நாள்தான் ஓடியது.

அதன்பிறகுதான், கணினியில் நடக்கும் பிழைகளை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கும் புத்தி வந்தது. சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. மூலம்: டிஸ்க். எண்: 7. ஹார்ட் டிஸ்க்கில் ‘பேட் பிளாக்’, அதாவது பழுதான இடம், இருக்கிறது என்று அதுவே எழுதிவைத்திருந்தது. முதல் அழைப்பின்போதும் இந்த வரிகள் இருந்திருக்கலாம். ஆனால் ரீசெட் செய்தால் பழைய விண்டோஸோடு அந்தப் பதிவேடும் போய்விடுமே. நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நாடி பார்த்த மாதிரி.

அடுத்து உங்கள் கையேட்டை எடுத்தேன். கணினியை ஆன் செய்ததும் ஒரு விசையை அழுத்தினால், விண்டோஸுக்கு வெளியிலேயே பாகங்களைச் சோதிக்கும் வசதி உங்கள் கணினியிலேயே இருக்கிறது என்று அதில் போட்டிருக்கிறது. சில நிமிட வேலை. ஹார்ட் டிஸ்க் சோதனை தோல்வி என்று ஒரு பிழை எண்ணோடு வந்தது. அந்தத் திரையைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனம் செய்து கொடுத்த சோதனை இது. மூன்று அழைப்பிலும் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

9 நாள் ஏன் ஓடியது என்பதும் விசாரித்ததில் புரிந்தது. உள்ளே சுழலும் தட்டில் ஓர் இடம் பழுதானால் ஹார்ட் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதனால்தான் வேலை எதுவும் நடக்காமலே 100%. அந்த இடத்தின்மேல் புதிதாக எழுதும்போது, பழுதான இடத்தை ஒதுக்கிவிட்டுக் கையிருப்பில் இருக்கும் உதிரி இடத்தை எடுத்துக்கொள்ளும். முழுக்கத் துடைத்த அந்த இரவில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பழுது நகர்ந்து உட்கார்ந்ததை நாம் குணமானதாக நினைத்துக்கொண்டோம். அதற்கு விலையாக, அதுவரை மெதுவாகவேனும் படிக்க முடிந்த கோப்புகள் எல்லாம் போயின. ரீசெட் செய்யும் முன்பு அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியிருந்தால் பெரும்பகுதியை எடுத்திருக்கலாம் என்று டிஸ்க்கைப் பார்த்த ஒருவர் சொன்னார். முழுக்கத் துடைத்த பிறகு அவரும் கையை விரித்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லி உங்கள் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “மென்பொருள் கோளாறுகளும் தரவு இழப்பும் வாரண்டியில் அடங்காது” என்று இரண்டு வரியில் பதில். தரவு இழப்பு வாரண்டியில் வராது என்பது எனக்கும் தெரியும், எழுதித்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் என் தரவு தானாக இழந்துபோகவில்லை. உங்கள் ஆள் சொல்லச் சொல்ல நான் அழுத்தி அழித்தேன். இது மென்பொருள் கோளாறும் இல்லை, உங்கள் சோதனையே அதைச் சொல்கிறது. வாரண்டி முடிய இன்னும் 7 மாதம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது:

பழுதான ஹார்ட் டிஸ்க்கை வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். ஆள் அனுப்பி வீட்டிலேயே மாற்ற வேண்டும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டேன்.

முதல் அழைப்பின் ஒலிப்பதிவை நீங்கள் கேட்டுவிட்டு, அதில் சொல்லப்பட்டது சரியா தவறா என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தம்பியைத் தண்டிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. ஒருவர் தவறியிருந்தால் அடுத்தவர் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். மூவரும் டிஸ்க்கைச் சோதிக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவவே சொன்னார்கள் என்றால், அவர்களுக்குக் கொடுத்திருக்கும் குறிப்பே அப்படித்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். ரீசெட் என்ற சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் உங்கள் சொந்தச் சோதனையை ஓடவிடச் சொல்லட்டும், பிரதி இருக்கிறதா என்று கேட்கட்டும். திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு எதை அழுத்துவது என்று சொல்லட்டும். ‘ரெண்டாவது’ என்பது எந்தப் பொத்தானின் பெயரும் இல்லை.

முடிந்த புகார்கள் என்று மூடிவைத்திருக்கும் மூன்றையும் மறுபடி திறந்து, ஹார்ட் டிஸ்க் பழுது என்று பதிய வேண்டும். நாளைக்கு மாற்று டிஸ்க்கும் போனால், இந்தக் கணினிக்கு வந்தவை எல்லாம் தீர்ந்துபோன மென்பொருள் புகார்கள் என்று உங்கள் பதிவேடு காட்டக் கூடாது.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவில்லையென்றால், இதே இணைப்புகளோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கணினி வாங்கிய ரசீது, சோதனைத் திரையின் படம், ஈவென்ட் வியூவர் வரிகளின் படம், ‘தீர்வு காணப்பட்டது’ என்று நீங்கள் அனுப்பிய மூன்று செய்திகள்.

பி.கு.: இந்தக் கடிதத்தை உறவுக்காரப் பெண்ணின் மடிக்கணினியில் அடித்திருக்கிறேன். அதனால் தொலைபேசியில் அழைத்து “மேடம், இப்ப கணினி முன்னாடி இருக்கீங்களா?” என்று தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.