மேய்க்காலை அளந்து கல் ஊன்றுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மாடுகள் மேய ஒதுக்கிய பொதுநிலமான மேய்க்கால் புறம்போக்கு, ஆக்கிரமிப்பில் சுருங்கிக்கொண்டே போகிறது; இந்த விவகாரம் உங்கள் மேசைக்குப் புதிதில்லை. இரண்டு ஜமாபந்தியில் மனு கொடுத்தோம். திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் நான்கு முறை வரிசையில் நின்றோம். அதனால் சர்வே எண்ணிலிருந்து ஆரம்பித்து உங்கள் பொழுதைப் போக்கவில்லை. கார்த்திகையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

என்னிடம் ஐந்து உம்பளச்சேரிப் பசுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்று மூன்றாம் ஈத்து, கன்று போட்டு இருபத்திரண்டு நாள். சம்பா நிற்கிற காலம். மாட்டுக்கு வரப்பை விட்டால் வேறு தரை கிடையாது. கன்றை வீட்டில் கட்டிவிட்டு, அம்மா கயிற்றைப் பிடித்தபடி வரப்பில் மேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் வழுக்கும் வரப்பில் அவர் ஏன் நிற்கிறார் என்பதற்கான பதில் உங்கள் கோப்பில் இருக்கிறது. கயிறு கையை விட்டுப் போனது. மாடு வயலில் இறங்கி நாலைந்து குழிப் பயிரைக் கடித்துவிட்டது.

வயல்காரர் என் பங்காளி. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கடன் வாங்கி நட்ட பயிர் அது. மாட்டை ஓட்டிக்கொண்டு போய், பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பட்டியில் அடைத்தார். 1871ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர்கள் அதற்குச் சட்டம் போட்டு வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பணம் கட்டி ரசீது வாங்காமல் மாட்டை விட முடியாது, ரசீது போடுகிறவர் காலையில்தான் வருவார் என்றார் காவலுக்கு இருந்தவர். வீட்டில் பால்குடிக் கன்று இருக்கிறது என்றேன். அவரும் மாடு வைத்திருப்பவர்தான். தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று ராத்திரி தெருவில் யாரும் தூங்கவில்லை. கன்று முதலில் கத்தியது. அப்புறம் குரல் கம்மி, ஒரு மாதிரி இருமுவது போல ஆனது. கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு வைத்தோம். விரலைச் சப்பிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தது. மறுநாள் ரசீது கையில் கிடைக்கும்போது மணி பதினொன்று. 1,200 ரூபாய். ‘மாடு – 1’ என்று எழுதியிருந்தார்கள். மடி கல் மாதிரி இறுகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கன்றை அவிழ்த்துவிட்டால், பெற்ற கன்றையே காலால் உதைக்கிறது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது; மடிநோய். கால்நடை மருத்துவர் நல்ல மனிதர், ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அந்தக் காம்பு போனது போனதுதான். உம்பளச்சேரிக் கன்றுக்கு இப்போது பாக்கெட் பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேய்க்காலை அளந்து கல் ஊன்றுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் எங்கள் மேய்க்கால் 5 ஹெக்டேர் 70 ஏர்ஸ், அதாவது பதினாலு ஏக்கர் சொச்சம். நடந்து பார்த்தால் ஐந்து ஏக்கர் தேறாது. கிழக்கே இறால் குட்டையின் கரை வருஷா வருஷம் நகர்கிறது. மேற்கே சாலையோரம் கம்பிவேலி போட்டு ஏதோ கட்டடம் வரப்போகிறதாம், யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். நடுவில் சீமைக்கருவேலம். அதில் எங்கள் பங்கும் உண்டு. மாடுகள் அதன் காயைத் தின்று சாணியோடு விதைத்துவிட்டு வருகின்றன. இருக்கட்டும், மாட்டுக்குத் தெரியாது.

இந்த மாடுகள் பாலுக்கானவை இல்லை என்பது துறைக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு லிட்டர் வந்தால் பெரிது, அதிலும் பெரும்பங்கு கன்றுக்கே விடுகிறோம். கன்றுதான் வருமானம். பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. சேற்றுழவுக்கென்றே இந்த மண்ணில் உருவான குட்டை மாடு. டிராக்டர் வந்த பிறகு காளைக்கன்றுகளில் பாதிக்கு மேல் சந்தைக்குப் போய், அங்கிருந்து கறிக்குப் போகின்றன. இதை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எதற்குப் போனாலும் தாயிடம் ஊட்டின கன்றுக்குத்தான் உடம்பு, உடம்பு இருந்தால்தான் விலை. தாய்க்குப் புல் இல்லையென்றால் கன்றுக்குப் பால் இல்லை. இதில் புரியாதது என்ன இருக்கிறது?

வைக்கோல் போடலாமே என்று ஒரு அதிகாரி சொன்னார். அறுவடை மெஷின் நசுக்கித் தள்ளுவதை இன்னொரு மெஷின் வந்து கட்டுக் கட்டாகச் சுருட்டுகிறது, கட்டுகள் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. சம்பா தாளில் மேய்க்கலாமே என்றார் இன்னொருவர். தையில் அறுக்கும் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்களே ஐயா, தாளில் எங்கே மாடு விடுவது? சித்திரை, வைகாசி இரண்டு மாதம் வயல் எங்களுக்கு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்ததும் மறுபடி வரப்பு, வாய்க்கால் கரை. வாய்க்கால் ஓரப் புல்லில் நத்தை, நத்தையிலிருந்து ஈரலுக்குத் தட்டைப்புழு. கன்று ஊட்டுகிற மாடு அதில்தான் எலும்பும் தோலுமாகிறது. மேய்க்காலில் இருக்கிற திடல் மழையிலும் தண்ணீர் நிற்காத மேடு. அதன் அருமை அதுதான்.

அப்பா காலத்தில் அந்தத் திடலுக்கு ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. மழை விட்டதும் வடபாதியில் முள் வெட்டிப் போட்டு அடைப்பார்கள். புல் கணுக்கால் உயரம் வரும்வரை யார் மாடும் உள்ளே போகாது. திறந்த பிறகு முதல் நாலு நாள் கன்று போட்ட மாடுகளுக்கு. கிடேரியும் மலடும் அப்புறம். புல்லை நாலு விரல் விட்டு மேய்ந்தால் திரும்பத் தழையும். வேர்வரை கடித்துவிட்டால் அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். இப்போது இதைச் ‘சுழற்சி மேய்ச்சல்’ என்று பயிற்சி முகாமில் படம் போட்டுக் காட்டி, மதியம் புளிசாதம் கொடுத்து அனுப்புகிறார்கள். சுழற்றுவதற்குத் தரை?

2011இல் அரசு இலவசக் கறவை மாடு கொடுத்தது. மாடு கொடுத்த கை அது நிற்க ஒரு இடத்தையும் காட்டியிருக்கலாம். அதே ஆண்டு ஜனவரி 28இல், ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊரிடமே ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் மனுவுக்கு வந்த பதிலோ செல்பேசியில் ஒற்றை வரி: ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.’ எதை முடித்தார்கள் என்று தெரியவில்லை.

மனு வாங்கும் முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்தவருக்குத் திருவாரூர்க் கதை தெரிந்திருக்கும். கன்றைப் பறிகொடுத்த பசு மணியை ஒருமுறை அடித்தது, ராஜா எழுந்து வெளியே வந்தார். நாங்கள் ஆறு முறை அடித்துவிட்டோம். மகனைத் தேர்க்காலில் கிடத்தச் சொல்லவில்லை ஐயா. சர்வேயரை ஜீப்பில் ஏற்றி அனுப்பினால் போதும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொட்டகை வேண்டாம், மானியம் வேண்டாம். மேய்க்காலை அளந்து நாலு எல்லையிலும் கல் ஊன்றுங்கள். கருவேலத்தை நாங்களே வெட்டிக்கொள்கிறோம். அடைப்பு, திறப்பு முறையையும் கிராமசபையில் வைத்து நாங்களே எழுதிக்கொள்கிறோம், என் பங்காளி உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார்.

மாசியில் தரை காய்ந்துவிடும். சங்கிலி பிடிக்க ஆள் தருகிறோம், கல்லும் வாங்கி வைக்கிறோம். தயவுசெய்து தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அன்றைக்கு மாடுகளை எங்கே கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு மாட்டுக்காரன்