மந்திரக்கோலுக்கு அரளிக் குச்சி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் பிள்ளைகளோடு மந்திரக்கோல் செய்பவர்கள் கண்ணில் பட்ட குச்சியை ஒடித்துவிட வேண்டாம். பனமரத்துப்பட்டிப் பக்கம் வயல் வயலாக நிற்கும் அரளியைத் தொடவே கூடாது. அதன் பால், இலை, குச்சி எல்லாமே நஞ்சு. சின்னதுகள் எதையும் வாயில் வைக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களில் கவாத்து செய்து (கிளை வெட்டி) போடும் காப்பிக் குச்சி கேட்டால் கிடைக்கும். பென்சில் கனம், 30 செ.மீ. நீளம் போதும். பட்டையை உரித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள், முதலில் 80 எண் சொரசொரப்புத் தாள், அடுத்து அதைவிட நைசான 120 எண். நுனியைக் கூராக்காமல் உருட்டிவிடுங்கள்.

குச்சி கிடைக்காவிட்டால் ஏ4 தாள் ஒன்று போதும். சைக்கிள் போக்ஸ் கம்பியை ஒரு மூலையில் வைத்து, சற்றே சாய்த்து இறுக்கமாகச் சுருட்டினால் ஒரு முனை தடித்து, மறுமுனை மெலியும். ஃபெவிகால் கடைசி மூலைக்கு மட்டும். தாள் முழுக்கப் பூசினால் ஊறி, காயும்போது வில்லாக வளையும். பலரும் சறுக்குவது இங்கேதான். பசை காயுமுன் கம்பியை உருவிவிடுங்கள். பசையில் நனைத்த காகிதத் துணுக்குகளை இரு முனைகளிலும் அடைத்து ஓர் இரவு வையுங்கள். மூடுபனி நாளில் ஏற்காட்டில் இரண்டு நாளும் ஆகும்.

கைப்பிடிக்கு 8 செ.மீ. அளவு சணல் சுற்றலாம். போஸ்டர் கலர் வியர்வையில் கையில் ஒட்டும், அக்ரிலிக் ஒட்டாது. சணலை ஒட்டச் சூடான பசைத் துப்பாக்கி எடுத்தால் அதைப் பெரியவர்களே பிடிக்கட்டும்.

வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்